யாருக்கு விசுவாசம்?

செஞ்சிக்காரனுக்கு விசுவாசத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1714-ஆம் வருஷம் ஆற்காட்டு நவாபின் சேனையோடு மோதி, இளம் வயதிலேயே மடிந்த தேசிங்கு ராஜனை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. சண்டை வந்ததற்குக் காரணம் கப்பப் பாக்கி. அதைப் பற்றி இன்று யாருக்கும் அக்கறை இல்லை. ராஜா நினைவில் இருக்கிறான். அவன் குதிரை நினைவில் இருக்கிறது. கதைப் பாட்டில் கல்யாணப் பந்தலை விட்டு எழுந்து வந்து அவனுக்காக உயிரைக் கொடுத்த முகம்மதிய சிநேகிதனும் நினைவில் இருக்கிறான்.

ஆகவே விசுவாசம் என்ற குணத்தையே நான் பழிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். நான் பழிப்பது வேறொன்றை. கைப்பேசியில் குறிப்பு எழுதி வைக்க உதவும் ஒரு செயலிக்காக, படித்த, விவரம் தெரிந்த, கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற மனிதர்கள் தேசிங்கின் சிநேகிதனைப் போல வாளை உருவிக்கொண்டு கிளம்புகிறார்களே, அதைத்தான்.

பதினோரு வருஷமாக உபயோகித்து வந்த ஒரு செயலியை நான் சமீபத்தில் விட்டு விலகினேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரை ஒரே ஒரு கம்பெனியின் மேல் கொடுத்த புகார் மனுவாகிவிடும். மற்றதெல்லாம் யோக்கியம் என்றாகிவிடும். விலகிய சேதியைச் சொன்னதும் நண்பர்கள் துக்கம் விசாரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சண்டைக்கு வந்தார்கள். "இலவசமாக இத்தனை வருஷம் அனுபவித்துவிட்டு இப்போது குறை சொல்கிறீரே" என்றார் ஒருவர். "என் மூளையே அதற்குள் இருக்கிறது, அதைக் குறை சொன்னால் என்னைக் குறை சொன்ன மாதிரி" என்றார் இன்னொருவர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். கோட்டையைப் பின்னணியாக வைத்து ஒரு நாவல் எழுத வேண்டும் என்று வெகு நாட்களாக எனக்கு ஆசை. அதற்காக ராஜகிரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஏறி இறங்கிய போதெல்லாம், பார்த்ததையும் கேட்டதையும் கைப்பேசியில் எழுதி வந்தேன். கல்யாண மகாலின் மேல் மாடத்தில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, களஞ்சியத்துக்குள் பேசினால் குரல் எப்படித் திரும்புகிறது, குரங்குகள் எந்த மணிக்குப் படிக்கட்டைக் காலி செய்து கொடுக்கின்றன என்பது போன்ற சில்லறை விஷயங்கள்தான். ஆனால் நாவல் என்பதே சில்லறையில் கட்டுகிற வீடு. இவற்றோடு ஒரு பெரிய விஷயமும் இருந்தது. சிங்கவரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தேசிங்கு கதையை ராகம் போட்டுச் சொல்லக்கூடிய ஒரு பெரியவர் இருந்தார். அவர் சொன்னதில் சில பகுதிகளை நான் எந்த அச்சுப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. பல மாதங்களாக, பல உட்கார்வுகளில் அவரைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். எந்தத் தேதியில் எதைச் சொன்னார், மறுமுறை சொன்னபோது எதை மாற்றினார் என்பதெல்லாம் அதில் இருந்தது. பெரியவர் காலமாகிவிட்டார். அந்தக் குறிப்பை இனி மறுபடி எடுக்க முடியாது.

செயலி முதலில் நன்றாகத்தான் உழைத்தது. பிறகு 'புதிய பதிப்பு' வந்தது. புதிய பதிப்பு என்றால், பழகிய பொத்தானை இடம் மாற்றி வைப்பது என்று பொருள். அதற்கடுத்த பதிப்பில் மலை மேல் போய்த் திறந்தால், "மறுபடி உள்நுழையுங்கள்" என்றது. உள்நுழைய சிக்னல் வேண்டும். சிக்னல் வேண்டுமானால் கீழே இறங்க வேண்டும். ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம், ஐயா! என் சொந்தக் குறிப்பைப் படிக்க 800 அடி இறங்கி ஏறச் சொல்லும் அதிகாரத்தை ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான்கூட என் மேல் செலுத்தியிருக்க மாட்டான்.

தேடுகிற வசதி என்று ஒன்று உண்டு. இங்கிலீஷ்காரனுக்கு அது பிரமாதமான வசதி. தமிழனுக்கு அது பாதிக் கண். 'குளம்' என்று போட்டுத் தேடினால் 'குளம்' மட்டும் வரும். 'குளத்தங்கரை'யும் 'குளத்தில்' என்பதும் வராது. நம் பாஷையில் சொல் வேற்றுமை ஏற்கும்போது உருவத்தையே மாற்றிக்கொள்ளும் என்பது இலக்கணம் படித்த பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும்; செயலிக்குத் தெரியாது. 'குள' என்று பாதியில் நிறுத்தித் தேடக் கற்றுக்கொண்டேன். கோட்டைக்குள் இருக்கும் யானைக்குளத்தைப் பற்றி நானே எழுதியதைக் கண்டுபிடிக்க நானே சொல்லை உடைக்க வேண்டியிருந்தது. போகட்டும், இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடிய கஷ்டங்கள்.

பொறுக்க முடியாதது, கிளம்பலாம் என்று முடிவு செய்தபோது வந்தது. "பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவில்லையா?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: மாதம் தவறாமல் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் பிரதியைத் திறக்க அதே செயலி வேண்டும். இது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிக் கொடுப்பதற்குச் சமம். வேறு வழியில் வெளியே எடுக்கிறேன் என்றால், அச்சுப் பக்கம் மாதிரியான ஒரு கோப்பாகக் கொடுத்தது. பார்வைக்கு அழகாக இருந்தது. அதிலிருந்து ஒரு வரியை வெட்டி ஒட்டிப் பார்த்தேன். 'செஞ்சி' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கமும் சகரம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடந்தது. கொ, சொ, தொ எல்லாம் மூன்று துண்டு. இது ஒரு குறிப்பில் அல்ல, அத்தனை குறிப்பிலும். தேதிகளோ, எல்லாமே நான் வெளியே எடுத்த அந்த ஒரு நாளின் தேதியாகிவிட்டன. பெரியவர் பல மாதங்களாகச் சொன்ன கதை, காகிதத்தின்படி ஒரே பிற்பகலில் சொன்னதாக ஆயிற்று.

இப்போது நண்பர்களின் முதல் வாதத்துக்கு வருகிறேன். 'இலவசம்' என்கிறார்கள். நான் கடைசி ஆறு வருஷம் சந்தா கட்டினேன், அதை விடுங்கள். இலவசமாக இருந்தாலும் என் கட்சி மாறாது. ஒரு கம்பெனி காசு கேட்பதில் எனக்கு ஆட்சேபணையே கிடையாது. மின்சாரத்துக்குப் பணம் வேண்டும், வேலைக்காரர்களுக்குச் சம்பளம் வேண்டும். காசு கேட்கட்டும், கூட்டியும் கேட்கட்டும், கட்டுப்படியானால் கொடுப்பேன், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போவேன். அதற்குப் பெயர் வாடகை. மூட்டையை எடுத்துக்கொண்டு போக முடியாது, அல்லது எடுத்தால் கந்தலாகத்தான் வரும் என்ற நிலையில் கேட்கிற காசுக்குப் பெயர் வாடகை அல்ல, பணயத் தொகை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் 'இலவசம் இலவசம்' என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களோடு என்ன பேசுவது?

என் சொந்தக் கதை போதாதென்றால், உலகறிந்த ஒன்றைச் சொல்கிறேன். எவர்நோட் என்ற செயலி 2008-ல் பொது ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் சின்னம் பச்சை நிறத்தில் யானைத் தலை. யானைக்கு மறதி இல்லை அல்லவா? அதன் தலைவராக இருந்த பில் லிபின், நூறு வருஷம் நிற்கும் கம்பெனியை உருவாக்கப் போவதாகச் சொல்லி வந்தார். உங்கள் தகவல் உங்களுடையது, பாதுகாப்பானது, எடுத்துச் செல்லக் கூடியது என்று 2011-ல் மூன்று சட்டங்களும் விதித்துக்கொண்டார். நல்ல சட்டங்கள். 2015-ல் அவர் தலைமைப் பதவியிலிருந்து இறங்கினார். 2016-ல் இலவசக்காரர்களுக்கு இரண்டு கருவிகள்தான் என்று வரம்பு வந்தது. அதே வருஷம் டிசம்பரில், இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்கும் பொருட்டுச் சில ஊழியர்கள் குறிப்புகளைப் பார்க்க நேரலாம் என்று ஒரு விதிமாற்றம் அறிவித்து, ஜனங்கள் கூச்சல் போட்டதும் வாபஸ் வாங்கினார்கள். 2022 நவம்பரில் கம்பெனியே கைமாறப் போவதாகச் செய்தி. வாங்கியவர்கள் இத்தாலியில் மிலான் நகரத்துப் பெண்டிங் ஸ்பூன்ஸ். 'கரண்டி வளைப்பது' என்று அர்த்தம். பெயரை நான் வைக்கவில்லை. 2023-ல் அமெரிக்காவிலும் சிலியிலும் இருந்த ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆண்டுக்கு 70 டாலராக இருந்த ஒரு சந்தா 130 டாலராயிற்று. அந்த டிசம்பரில் இலவசக்காரர்களுக்கு 50 குறிப்புகள், ஒரே நோட்டுப் புத்தகம் என்று கோடு கிழித்தார்கள். வெளியேறும் வாசலை அடைக்கவில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். பழைய குறிப்புகளைப் பார்க்கவும் எடுக்கவும் அனுமதி இருந்தது.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. செஞ்சிக்காரனுக்குக் கைமாறுகிற கோட்டை புதிதா? நாயக்கர்களிடமிருந்து 1649-ல் பீஜப்பூர் சுல்தான், 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் இங்கிலீஷ்காரர். வந்தவர்களில் பலர் பெயரையும் மாற்றினார்கள். பீஜப்பூர்க்காரர்களுக்கு பாதுஷாபாத், மொகலாயர்களுக்கு நுஸ்ரத்கட். கொடி மாறும், முரசு மாறும், கணக்குப் பிள்ளை மட்டும் அடுத்த வருஷ வரியை முந்தின வருஷத்தைவிடக் கூட்டி எழுதுவான். குடியானவன் எந்தக் கொடிக்கும் விசுவாசப் பிரமாணம் எடுத்ததாகச் செய்தி இல்லை. அவன் தன் விதை நெல்லைத் தன் வீட்டில் வைத்திருந்தான். கோட்டைக் களஞ்சியத்துக்குப் போனது வரி நெல்தான்.

மற்ற கதைகளை நீட்டவில்லை. கூகிள் 2006-ல் தொடங்கிய நோட்புக்கை 2012-ல் மூடியது. ஸ்பிரிங்பேட் 2014-ல் மறைந்தது. வுண்டர்லிஸ்ட் என்பதை 2015-ல் மைக்ரோசாப்ட் வாங்கி 2020-ல் மூடியது. அதை உண்டாக்கியவரே திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று பகிரங்கமாகக் கேட்டும் பலிக்கவில்லை. உண்டாக்கியவனுக்கே அந்தக் கதி!

இரண்டாவது வாதம்: 'என் மூளை அதற்குள் இருக்கிறது.' இதுதான் அபாயகரமானது. இந்த விசுவாசம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். அந்தச் செயலி என்ன செய்தது? ஒரு வெள்ளைப் பக்கத்தைக் காட்டியது. அதில் எழுதியது யார்? நீங்கள். பத்து வருஷம் தினமும் எழுதியது, தலைப்புக் கொடுத்தது, அடுக்கியது, தகப்பனார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மருந்துப் பெயரைக் குறித்தது, பெண்ணுக்கு வரன் பார்த்த விவரத்தை எழுதியது எல்லாம் நீங்கள். உங்கள் உழைப்பின் மேல் உங்களுக்கு இருக்கும் வாத்ஸல்யத்தை, அந்த உழைப்பு கிடக்கிற பெட்டியின் மேல் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். கம்பெனிக்காரனுக்கு இந்த மயக்கம் நன்றாகத் தெரியும். 'இரண்டாவது மூளை' என்ற மந்திரத்தை இந்த வியாபார உலகமே சேர்ந்து ஓதுவது அதற்காகத்தான். முதல் மூளையை யாரும் சந்தாவுக்குக் கொடுப்பதில்லை.

எங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் வருகிற காலத்தில் கூட்டம் தாங்காது. அந்த வட்டாரத்து மண்டிக்காரர் ஒருவர் எனக்குச் சிநேகிதர். நாள்வழிச் சிட்டை ஒன்று, பேரேடு ஒன்று என்று அவர் தகப்பனார் காலத்திலிருந்தே நோட்டு எழுதுகிறவர். இப்போது கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறார். என் கதையை எல்லாம் கேட்டுவிட்டு, "ஏன் சார், நோட்டு விக்கிற கடைக்காரன் நம்ம கணக்க வெச்சிக்கினு தரமாட்டேன்னு சொல்வானா?" என்றார். நான் இரண்டாயிரம் வார்த்தைகளில் சொல்ல முயல்வதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவருக்கு ஒவ்வொரு வருஷமும் நோட்டு வேறு, கடை வேறு. கணக்கு ஒன்றுதான்.

இன்னொரு பெரிய மனிதரும் சாட்சிக்கு இருக்கிறார். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் தினப்படிச் சேதிக் குறிப்பு எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் சாகும் தறுவாய் வரை விடவில்லை. அவர் பிரெஞ்சுக் கும்பினியின் துபாஷி. கவர்னர் டூப்ளேயின் வலது கை. ஆனால் குறிப்பு அவருடைய சொந்த நோட்டில் இருந்தது. டூப்ளே 1754-ல் ஊருக்குத் திரும்பினார், பிள்ளையின் செல்வாக்குக் குறைந்தது, பதவியும் போயிற்று, பிள்ளை கண்ணை மூடிய சில நாட்களில் புதுச்சேரியே இங்கிலீஷ்காரர் வசமாயிற்று. கும்பினி போன பிறகும் நோட்டு இருந்தது. 1846-ல் அவருடைய வம்சத்தார் வசம் இருந்ததை கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை இங்கிலீஷில் 12 பாகங்களாக வந்தது. கும்பினிச் சேவகத்தில் இருந்த பிள்ளைக்கு எந்த விசுவாசத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது.

"அப்படியானால் காகிதத்துக்கே திரும்பிவிடலாமே" என்று உடனே ஒரு கூட்டம் கிளம்பும். அவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. கரையான் அரித்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒழுகிய ஓட்டு வீட்டில் மையெல்லாம் கரைந்த நோட்டையும் பார்த்திருக்கிறேன். ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றி ஒரு சின்னஞ்சிறு குறிப்பு பாறையில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகியும் படிக்க முடிகிறது. அதற்காக உளியை எடுத்துக்கொண்டு மலையேறச் சொல்கிறேனா? ஓலையைப் பாருங்கள். ஓலை அழியும் பண்டம். ஆனால் எழுத்துத் தெரிந்த எவனும், யாருடைய அனுமதியும் இல்லாமல், அதை இன்னோர் ஓலையில் பெயர்த்துவிடலாம். அதனால்தான் மேல்சித்தாமூர் போன்ற மடங்களிலும் வீடுகளிலும் சுவடிகள் பல பிரதிகளாகப் பிழைத்துக் கிடந்தன. அப்படிப் பல ஊர்ப் பிரதிகளை ஒப்பிட்டுத்தான் உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட முடிந்தது. ஒரே ஒரு மடத்தில், அந்த மடத்தார் மட்டுமே படிக்கக்கூடிய ரகசிய எழுத்தில் அது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம் தலைமுறை இந்தப் பாடத்தை ஏற்கனவே ஒருமுறை பணம் கொடுத்துப் படித்திருக்கிறது. கம்ப்யூட்டரில் தமிழ் வந்த புதிதில் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். ஒருவர் எழுத்துருவில் அடித்த கதை இன்னொருவர் கம்ப்யூட்டரில் பிசாசு மொழியாகத் தெரியும். அப்போதும் அபிமானச் சண்டை இருந்தது: என் எழுத்துருதான் அழகு, உன்னுடையது மட்டம்! யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. நாம் போய் உட்காரத்தான் நாளாயிற்று. அழகான எழுத்துருவில் பூட்டிக்கொண்ட எத்தனையோ நாவல்களை இன்று மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது.

விசுவாசிகளுக்கு நேர் எதிரான ஒரு ஜாதியும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு செயலி மாறுகிறவர்கள். எந்தச் செயலி உசத்தி என்பதைப் பற்றி அவர்கள் எடுத்து வைத்திருக்கும் குறிப்புகள், மற்ற எல்லாக் குறிப்புகளையும்விட அதிகம். எனக்குத் தெரிந்த ஓர் இளம் எழுத்தாளர் மூன்று வருஷத்தில் ஐந்து செயலி மாறினார். கதை ஒன்றும் வரவில்லை. கேட்டால், "இன்னும் சரியான அமைப்பு அமையவில்லை, சார்" என்கிறார். பேனா வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கியே முதுமை அடைந்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது.

சர்க்கார் என்ன செய்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐரோப்பாவில் 2018-ல் அமலுக்கு வந்த தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவன் தான் கொடுத்த தகவலை, இயந்திரம் படிக்கக்கூடிய பொதுவான வடிவத்தில் திரும்பப் பெற்று வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று தனி உரிமையே எழுதியிருக்கிறது. நம் நாட்டிலும் 2019-ல் பார்லிமெண்டில் வைத்த மசோதாவில் அந்த உரிமை இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது காணோம். தகவலின் சுருக்கத்தைக் கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். நான் செத்த பிறகு என் சார்பில் கேட்க ஓர் ஆளை நியமித்து வைக்கவும் அதில் இடம் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படுவதற்குத்தான் ஷரத்து இல்லை. இதைப் பற்றி ஒரு கூட்டம் உண்டா, ஒரு மகஜர் உண்டா? செயலியின் பொத்தான் இடம் மாறினால் ஊரைக் கூட்டுகிற நண்பர்கள், சட்டத்திலிருந்து ஒரு வாசலையே எடுத்தபோது வாய் திறக்கவில்லை.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: வெறும் எழுத்துக் கோப்பு. யூனிகோடில் தட்டெழுதிய சாதாரணக் கோப்பு. எந்தக் கம்ப்யூட்டரும் திறக்கும். கோப்பின் பெயரிலேயே தேதி. ஆகவே தேதியை யாரும் களவாட முடியாது. அப்ஸிடியன், ஜாப்லின் என்று சில செயலிகள் இருக்கின்றன. முன்னது நம் கருவியிலேயே சாதாரணக் கோப்புகளாக வைத்துவிடுகிறது. பின்னது கேட்டால் அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. அவற்றையும் உபயோகித்துப் பார்த்தேன், சௌகரியமாகத்தான் இருக்கின்றன. நாளைக்கு அவை கைமாறினால் எனக்குத் தூக்கம் கெடாது. ஒரு பிரதி வீட்டில். ஒரு பிரதி திண்டிவனத்தில் மைத்துனர் வீட்டுப் பீரோவில், மஞ்சள் பைக்குள். பெரியவர் சொன்ன கதையை, வீட்டுக் காலண்டரில் கிறுக்கி வைத்திருந்ததை எல்லாம் பார்த்து, நாள்வாரியாகத் திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்திருக்கிறது.

சண்டைக்கு வந்த நண்பர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். செயலியை விடுங்கள் என்று சொல்லவில்லை. அடுத்த சந்தா கட்டுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உங்கள் பழைய குறிப்புகளில் பத்தை வெளியே எடுங்கள். அவற்றில் கொ, செ, தோ, கௌ எல்லாம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செயலி இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில், பக்கத்து வீட்டுப் பையனுடையதாக இருந்தாலும் சரி, திறந்து பாருங்கள். கொம்பு தன் இடத்தில் இருக்கிறதா? தேதி, எழுதிய அன்றைய தேதிதானா? இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தச் செயலியின் பெயரைப் போட்டே பாராட்டி எழுதுகிறேன்.